வெட்டிய வலைக்கு யார் பணம் தருவது?

குமரி மேற்குக் கடலோரத்துத் திருவிழாக் குழுக்களுக்கும் கால்பந்துக் கழகங்களுக்கும் வணக்கம்.

படகுக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுவது என் தொழில். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும்போதுதான் எனக்குக் கைநிறைய வேலை. சில வருடங்களாக நான் எழுதும் படகுகளில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு திமிங்கலச் சுறாவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு வாங்கும் 500 ரூபாயை நான் தொடுவதில்லை, தனியாக வைக்கிறேன். ‘இவனுக்குச் சுறாக் கிறுக்கு’ என்று நீங்கள் சிரிப்பதும் தெரியும். கிறுக்குதான்.

அப்பா சுறாத் தூண்டிலுக்குப் போனவர். தூத்தூர்க்காரர்கள் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் சுறா என்றால் எடை, விலை, அவ்வளவுதான். ஆனால் வள்ளத்தைவிட நீளமாய், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு வரும் இந்த ஒன்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மாறிவிடும். பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நீந்தும், ஆளைச் சீண்டாது, அதைச் சுற்றிச் சூரை மீன் திரளும் என்பார். என் பள்ளிக்கூட நோட்டு முழுக்க அதன் படம்தான். கணக்கு வாத்தியாரிடம் அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன்.

வளர்ந்த பிறகு படித்தது ஆசையை இன்னும் கூட்டியது. 18 மீட்டர் வரை வளரக்கூடிய, உலகிலேயே பெரிய மீன் அது. தின்பதோ மிதக்கும் நுண்ணுயிர், மீன்முட்டை, பொடிமீன். முட்டையிடாமல் குட்டி போடுகிறது. 1995ல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண்சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. ஆனால் ஒரு சுறா குட்டி போடும் பருவத்துக்கு வரவே இருபத்தைந்து, முப்பது வருடம் ஆகலாம். நடுவில் ஏதோ ஒரு வலையில் மாட்டிச் செத்தால் அத்தனையும் போச்சு.

2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதைச் சேர்த்தார்கள். பிடிக்கக்கூடாது, விற்கக்கூடாது. சரி. தானாக வந்து, கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரமடி வலைக்குள் புகுந்துவிட்டால்? மணலில் இழுத்துப் போட்டால் தன் உடல் கனமே அதை நசுக்கிவிடும். ஆழம் இருக்கும்போதே வலையை அறுத்துவிட வேண்டும். அறுத்தவனுக்கு அன்றைக்குக் கைதட்டல், செய்தித்தாளில் படம். மறுநாள் வலை தைக்கக் கடன். மடியை இழுத்த அத்தனை பேருக்கும் அன்றைய பங்கும் கிடையாது. இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

நம் ஆட்கள் தொழிலுக்குக் குஜராத் வரை போகிறவர்கள். அங்கே வேராவல் துறைமுகத்தில் இந்தச் சுறாவை ஈரலுக்காகக் கொன்று குவித்த காலம் ஒன்று இருந்தது, அந்த எண்ணெயைப் படகுக்குப் பூசினார்கள். 2004ல் தொடங்கிய பிரச்சாரத்தில் ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இது என்று பேசினார். அதே மீனவர்கள் வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அப்படி விடுவிக்கப்பட்டவை நூற்றுக்கணக்கில். பேச்சு மட்டும் அதைச் செய்யவில்லை. அறுத்த வலைக்கு அரசு நிவாரணம் கொடுத்தது, மீனவரே எடுத்த படத்தைச் சான்றாக ஏற்றுக்கொண்டது.

நான் கேட்பது இதுதான். திருவிழா வசூலில் வாணவேடிக்கைக்கு ஒதுக்குவதில் ஒரு சிறு பகுதியை ‘வலை நிதி’ என்று தனியாகப் போடுங்கள். கழகங்கள் கால்பந்துப் போட்டி நுழைவுக் கட்டணத்தில் கொஞ்சம் தரலாம். பனியன் அடிப்பது, பேனர் கட்டுவது எல்லாம் வேண்டாம், அந்தக் காசு எந்தச் சுறாவுக்கும் போய்ச் சேராது. நான் சேர்த்ததையும் அதில் போடுகிறேன். பணம் என் கையில் இருக்க வேண்டாம், ஊர்க் கமிட்டி வைத்திருக்கட்டும், வருடக் கணக்கோடு சேர்த்து வாசிக்கட்டும்.

பழைய வலையைக் கிழித்துக் காட்டிப் பணம் கேட்பான் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். கரமடி ஊரே பார்க்க இழுப்பது, அதில் ஏமாற்ற முடியாது. கடலுக்குள் என்றால் மீன் வலைக்குள் கிடப்பதும் வெளியே போவதும் ஒரே வீடியோவில் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். அரசுதானே தர வேண்டும் என்பவர்களுக்கு: ஆமாம், கேட்போம், மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. மனு நகரும் வரை வலை கிழிந்தவன் என்ன செய்வான்?

இன்னொன்று. வீடியோ எடுப்பவர்கள் இடதுபக்கச் செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் தெரியும்படி எடுங்கள். ஒவ்வொரு சுறாவுக்கும் அந்தப் புள்ளிக்கோலம் வேறு, நம் கைரேகை மாதிரி. அதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் எது எந்தச் சுறா, எங்கே போய் வருகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்த திருவிழாவுக்குக் கொடியேறும் முன் நடக்கும் வரவுசெலவுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். சம்மதிக்கும் முதல் ஊருக்கு, கமிட்டி காட்டும் சுவரில் கூலி வாங்காமல் முழு அளவுச் சுறா ஒன்று வரைந்து தருகிறேன். பெயின்ட் மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
தூத்தூர் பக்கத்துப் படகு ஓவியன்