மில் ஊர் என்றால் கலை இல்லாத ஊரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில் நகரங்களைக் கலை நகரங்களாக மாற்றும் வடிவமைப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், "வெறும் மில் ஊராக இருந்த கோவையை இப்போதுதான் கலை எட்டிப் பார்க்கிறது" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உக்கடம் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த ஓவியங்கள் எனக்கும் பிடிக்கும். பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஆனால் அதென்ன "இப்போதுதான்"?

ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், இங்கே வெரைட்டி ஹால் என்ற சினிமா தியேட்டரைக் கட்டியது 1914-இல். அந்தச் சாலைக்கு இன்றும் அதுதான் பெயர். 1930-களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து மில்கள் பெருகின. அதே காலத்தில்தான் சினிமா எடுக்கும் சென்ட்ரல் ஸ்டூடியோவும் வந்தது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததில்லை.

நான் 26 வருடம் மில்லில் ஸ்பின்னிங்கில், அதாவது நூல் நூற்கும் பிரிவில் இருந்தவன். எங்கள் ஷெட்டின் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும். கண்ணாடியெல்லாம் வடக்குப் பக்கம். வெயில் உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் இழை அறுந்தால் உடனே கண்ணில் படும். அது வடிவமைப்பு இல்லையா? மில் மூடிக் கிடக்கிறது. அந்தக் கூரையைப் பேத்திக்குக் காட்டலாம் என்று போனால் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. "இங்க பார்க்க என்னங்க இருக்கு?" என்றார். உங்கள் கட்டுரையும் அதையேதான் கேட்கிறது.

1997-இல் திறந்த குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தால் ஸ்பெயினின் தொழில் நகரமான பில்பாவோ கலை நகரமாக மாறியதாம், கட்டுரை சொல்கிறது. சரி. ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலையை அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிட்டார்கள். மெட்ரோ 1995-லேயே ஓடியது. அதைவிட, மூடிய கப்பல் கட்டும் தளத்தின் கிரேனைக்கூடப் பிரித்து விற்கவில்லை. 'கரோலா' என்ற பெயரோடு அது இன்னும் ஆற்றங்கரையில் நிற்கிறது. பக்கத்தில் எழுப்பிய எயுஸ்கல்துனா அரங்கத்துக்கும் கப்பல் சாயல்தான். அங்கே உழைத்தவர்கள் பேரப்பிள்ளைக்குக் கை நீட்டிக் காட்ட ஒன்று இருக்கிறது. நான் எதைக் காட்டுவேன்?

மில் ஷெட்டுகளை இடிக்காமல் நூலகமாக, நாடக அரங்கமாக மாற்றலாம் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே தங்களுக்கு எழுதினேன். அது வெளியாகவில்லை. அப்புறம் நானும் எழுதவில்லை. முப்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, 1914 என்ற வருடத்தையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.