டேங்க் யார்டு வச்சிருக்கிற எல்லா ப்ளான்ட் மேனேஜர்களுக்கும்: மழைத்தண்ணியை வெளிய விடற அந்த ட்ரெயின் வால்வு இப்ப மூடியிருக்கா?

டீசல், ஃபர்னஸ் ஆயில், லூப் ஆயில், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்னு எதையாவது டேங்க்ல நிரப்பி வச்சு தொழில் நடத்துற எல்லா மேனேஜர்களுக்கும் ஓனர்களுக்கும் வணக்கம். நான் டேங்க் யார்டுல ஹெல்பரா உள்ள வந்து, ஆபரேட்டராகி, இப்ப கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது ப்ளான்ட் சட்ட விதிப்படி நடக்குதான்னு பாக்கற வேலை பாக்கறவன். ஆடிட்டுக்கு பைல் ரெடி பண்றதும் நான்தான், அதனால அந்த பைல்ல என்ன இருக்கும் என்ன இருக்காதுன்னு எனக்கு நல்லாவே தெரியும், அதை உங்ககிட்ட நேரா சொல்லணும்னுதான் இந்த மடல்.

நான் ஆபரேட்டரா இருந்தப்போ ஒரு நைட் ஷிஃப்ட். ரெண்டு நாளா விடாம மழை. டேங்கைச் சுத்தி டைக்னு ஒரு சுவர் இருக்கும்ல, டேங்க் லீக் ஆனா எண்ணெய் வெளிய போகாம பிடிச்சு வைக்கிற தொட்டி மாதிரி, அதுக்குள்ள முழங்கால் அளவு மழைத்தண்ணி நின்னுச்சு. சாயங்கால ஷிஃப்ட்ல இருந்த ஹெல்பர் அந்த தண்ணி வடியட்டும்னு ட்ரெயின் வால்வை திறந்து விட்டுட்டாரு, தண்ணி மெதுவா போயிட்டே இருந்துச்சு, அவரு ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸை பிடிக்க ஓடிட்டாரு, எங்க லாக்புக்ல அதை எழுத ஒரு கட்டமே கிடையாது. நடுராத்திரிக்கு மேல நாங்க டீசலை வேற டேங்குக்கு மாத்த பம்ப் போட்டோம். பைப்பும் பைப்பும் சேர்ற ஒரு ஃபிளாஞ்ச்ல, ஒழுகாம இருக்க நடுவுல வைக்கிற பழைய காஸ்கெட் பிச்சுக்கிச்சு, டீசல் டைக்குள்ள கொட்டி, திறந்திருந்த அந்த வால்வு வழியா வெளிய போயிட்டே இருந்துச்சு. மழை சத்தத்துல ஒண்ணும் கேக்கல, டீசல் வாசனை வந்துச்சு, ஆனா பம்ப் ஹவுஸ் பக்கம் எப்பவுமே வர்ற வாசனைதானேன்னு விட்டுட்டோம். கையில டார்ச்சோட அந்த வால்வு பக்கமா நான் ரெண்டு தடவை நடந்து போயிருக்கேன், கேட் வால்வை வெளிய இருந்து பாத்தா திறந்திருக்கா மூடியிருக்கான்னு பல நேரம் தெரியவே தெரியாது, வீலை கையால பிடிச்சு திருப்பி பாத்தாதான் உண்டு, நான் பிடிச்சு பாக்கல.

விடிஞ்சதும் பின்னாடி ஓடைக்கு போனோம். கோரைப்புல் எல்லாம் வழவழன்னு இருந்துச்சு, தண்ணி மேல வானவில் கலர்ல ஒரு படலம். கரையில ஒரு கொக்கு நின்னுட்டு இறகை அலகால கோதிக்கிட்டே இருந்துச்சு. எண்ணெய் பட்ட பறவை அப்படித்தான் பண்ணும், இறகை சுத்தம் பண்றேன்னு கோதி கோதி அந்த எண்ணெயை அதுவே முழுங்கும், இறகுல தண்ணி ஒட்டாத தன்மை போயிடும், அப்புறம் குளிர்லயே செத்துப்போகும். கிட்ட போனா பறக்க பாத்துச்சு, முடியல.

விசாரணை நடந்துச்சு. அந்த ஹெல்பரை வேலைய விட்டு நிறுத்துனாங்க, கான்ட்ராக்ட் ஆள், கேக்க நாதி இல்ல. அப்ப ஆபீஸ்ல இருந்து ஸ்பில் தடுப்பு ப்ளான், அதாவது எண்ணெய் சிந்தாம தடுக்கிற திட்டம், அந்த பைலை எடுத்துட்டு வந்தாங்க, நல்ல தடியான பைல், கையெழுத்து சீல் எல்லாம் இருந்துச்சு, லேஅவுட் மேப்பும் இருந்துச்சு. அந்த மேப்ல அந்த ட்ரெயின் வால்வு மட்டும் இல்ல. அதை எதுக்கு மூடி வைக்கணும்னு அந்த ஹெல்பருக்கு யாராவது சொன்னாங்களான்னு ஒருத்தரும் கேக்கல, நானும் அன்னைக்கு வாயைத் திறக்கல. இத்தனை வருஷமா அது எனக்கு உறுத்திட்டே இருக்கு.

இது சின்ன இடத்துல மட்டும் நடக்கிற கதை இல்லைங்க. 2005 டிசம்பர் 11, இங்கிலாந்துல பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய் கிடங்கு. 912ங்கிற டேங்குக்கு பெட்ரோல் ஏத்திட்டு இருந்தாங்க, விடியக்காலைல உள்ள எவ்வளவு இருக்குன்னு காட்டுற லெவல் கேஜ் ஒரே இடத்துல நின்னுபோச்சு, உள்ள பெட்ரோல் ஏறிக்கிட்டே இருக்கு, ஸ்க்ரீன்ல மட்டும் அளவு அசையாம நிக்குது. அந்த கேஜ் அதுக்கு முன்னாடி மூணு மாசத்துக்கும் கொஞ்சம் மேல இருக்கிற காலத்துல 14 தடவை அப்படி நின்னிருக்கு. சரி, கேஜ் போனாலும் காப்பாத்த, அளவு மீறினா ஏத்தறதை தானா நிறுத்துற ஹை லெவல் ஸ்விட்ச் ஒண்ணு தனியா இருந்துச்சு. அதுல டெஸ்ட் பண்ற ஒரு லீவர் உண்டு, டெஸ்ட் முடிஞ்சதும் அதை சரியான நிலையில வச்சு பூட்டு போட்டாதான் ஸ்விட்ச் வேலை செய்யும். அந்த பூட்டு எதுக்குன்னு அங்க வேலை செஞ்சவங்களுக்கு புரிஞ்சிருக்கல, சும்மா யாரும் கை வைக்காம இருக்கத்தான்னு நினைச்சிருக்காங்க, பூட்டு போடல. ரெண்டரை லட்சம் லிட்டருக்கு மேல பெட்ரோல் வழிஞ்சு, ஆவியா மூடுபனி மாதிரி பரவி, காலைல 6 மணி சுமாருக்கு வெடிச்சுது. 43 பேருக்கு காயம், ஞாயித்துக்கிழமை விடியற்காலைங்கிறதால உயிர் போகல. இதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, தீயை அணைக்கிறப்போ டைக் சுவர்கள் ஜாயின்ட்லயும் பைப் உள்ள நுழையிற இடத்துலயும் ஒழுகி, எரிபொருளும் தீயணைப்பு நுரையும் கலந்து நிலத்தடி தண்ணிக்குள்ள இறங்கிடுச்சு. ஒரு சின்ன பூட்டு, அது எதுக்குன்னு சொல்லாம விட்ட ஒரு விஷயம், அவ்வளவுதான்.

டைக் கட்டிட்டோமே போதாதான்னு கேக்கறவங்களுக்கு 1988 ஜனவரி 2ஆம் தேதியை ஞாபகப்படுத்தறேன். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம், ஃப்ளோரெஃப். 40 வருஷ பழைய இரும்பு ப்ளேட்டை வேற இடத்துல இருந்து கழட்டி கொண்டுவந்து மறுபடி கட்டின டேங்க், முழுசா தண்ணி நிரப்பி டெஸ்ட் பண்ணாமலே டீசல் ஏத்துனாங்க. முதல் தடவை கிட்டத்தட்ட நிறைஞ்சப்போ ப்ளேட்ல பழைய விரிசல் இருந்த இடத்துல இருந்து டேங்க் கிழிஞ்சு, டீசல் அலை மாதிரி எழுந்து டைக் சுவரையே தாண்டி பாஞ்சுது. பக்கத்து இடத்துல இருந்த மழைநீர் வடிகால் வழியா மொனங்காஹீலா ஆத்துல சுமார் 7 லட்சத்து 50 ஆயிரம் கேலன் கலந்துச்சு, கீழ இருந்த ஊர்கள்ல லட்சக்கணக்கான பேருக்கு குடிதண்ணி பிரச்சனை. டேங்க் நல்லா இருக்கான்னு பாக்காம சுவரை மட்டும் நம்பினா இதுதான் கதி.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காம இல்ல. அமெரிக்காவுல 1973லயே ஸ்பில் தடுப்பு விதி போட்டாங்க. தரைக்கு மேல மொத்தம் 1,320 கேலன், அதாவது சுமார் 5,000 லிட்டருக்கு மேல எண்ணெய் வைக்கிற வசதி இருந்து, சிந்தினா அது ஆத்துக்கோ கடலுக்கோ போக வாய்ப்பிருந்தாலே எழுத்துல ப்ளான் வேணும், இருக்கறதுலயே பெரிய டேங்க் முழுசா கொட்டினாலும் பிடிக்கிற அளவுக்கு டைக் இருக்கணும், அதுக்கு மேல மழைத்தண்ணிக்கும் இடம் இருக்கணும். அதைவிட எனக்கு முக்கியமா படறது அந்த விதியில இருக்கிற இன்னொரு வரி. டைக் தண்ணியை வெளிய விடறதுக்கு முன்னாடி எண்ணெய் மிதக்குதான்னு பாக்கணும், பொறுப்பான ஆள் கூட நிக்கணும், முடிஞ்சதும் வால்வை மூடி சீல் வைக்கணும், எழுதி வைக்கணும். எந்த நாட்டு சட்டம் உங்களுக்கு பொருந்துதோ தெரியாது, ஆனா இந்த ஒரு வரி எங்க ப்ளான்ட்ல இருந்திருந்தா அந்த கொக்கு பறந்திருக்கும்.

சின்ன லீக்தானேங்கிற பேச்சையும் தயவு செஞ்சு விடுங்க. செகண்டுக்கு ஒரு சொட்டு, ஒரு சொட்டு 0.05 மில்லின்னு வைங்க, ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல ஆயிடும், வருஷத்துக்கு 1,500 லிட்டரை தாண்டிடும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தடிமன்ல பரவினா 1,000 சதுர மீட்டர் தண்ணியை மூடும். கீழ ஒரு ட்ரேயை வச்சுட்டு போயிடறாங்க, மழை வந்தா ட்ரே நிறைஞ்சு எண்ணெய்தான் முதல்ல வழியும், அதுதானே மேல மிதக்குது. அப்புறம் தரையில கொட்டின எண்ணெயை சோப்புத்தண்ணி ஊத்தி கழுவி வடிகால்ல தள்றது, அதை இன்னும் எத்தனை இடத்துல பாக்கறேன். சோப்பு பட்டா எண்ணெய் பொடிப்பொடியா உடைஞ்சு தண்ணியோட கலந்துடும், மேல மிதக்காது, தண்ணியில இருந்து எண்ணெயை பிரிக்கிற ஆயில் செபரேட்டர்ல பிடிபடாது, கண்ணுக்கு சுத்தமா தெரிஞ்சுக்கிட்டே நேரா வெளிய போயிடும். பேட் போட்டு உறிஞ்சி எடுங்க, மரத்தூளாவது போடுங்க, அந்த கழிவையும் தனியா வைங்க.

நான் கேக்கறது பெரிய செலவு இல்ல. டேங்க் யார்டுல சம்பளம் கம்மியா வாங்கற ஆள் கையிலதான் உங்க லைசென்ஸே இருக்கு, அவருக்கு ஒவ்வொரு வால்வும் எதுக்குன்னு அவர் பேசற பாஷையில சொல்லிக்கொடுங்க. சந்தேகம் வந்தா பம்பை நிறுத்துற உரிமை அவருக்கு இருக்கட்டும், நிறுத்தினது தப்பா போனாலும் திட்டாதீங்க. ஒரு சொட்டு ஒழுகுதுன்னு வந்து சொல்றவரை ஏன் இப்பத்தான் பாத்தியான்னு கேட்டா அடுத்த தடவை அவர் சொல்லவே மாட்டாரு. நாங்க இப்ப டைக் வால்வுக்கெல்லாம் பூட்டு போட்டு, சாவியோட ஒரு சிவப்பு டேக் கட்டி வச்சிருக்கோம், வால்வை திறக்கறவர் அந்த டேக்கை கழுத்துல மாட்டிக்கணும், சாவியை திருப்பி கொடுக்காம கேட்டை தாண்ட முடியாது. இதுக்கு ஆன செலவு ஒரு பூட்டும் ஒரு கயிறும்.

நாளைக்கு காலைல உங்க ரூமுக்கு போறதுக்கு முன்னாடி யார்டுக்கு போங்க. அங்க நிக்கிற ஹெல்பரை பேர் சொல்லி கூப்பிட்டு, ட்ரெயின் வால்வு எங்க இருக்கு, ராத்திரி மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. அப்புறம் அந்த வீலை நீங்களே கையால பிடிச்சு திருப்பி பாருங்க.

இப்படிக்கு,
டேங்க் யார்டுல இருந்து வந்த ஒருத்தன்