விடைத்தாளோடு முடிந்துபோகும் கடிதங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தரம் எட்டில் படிக்கும் என் பேத்தி சென்ற தவணைப் பரீட்சையில் கடிதம் எழுதும் வினாவுக்குப் பத்துக்கு ஒன்பது புள்ளி எடுத்தாள். பாடசாலைச் சுற்றுலாவைப் பற்றித் தோழிக்கு எழுதிய கடிதம் அது. முகவரி வலது மூலையிலும், திகதி அதன் கீழும், விளிப்புக்குப் பின் காற்புள்ளியும், முடிவில் "இங்ஙனம், அன்புத் தோழி" என்பதுமாக எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அப்படியொரு தோழியும் இல்லை, அப்படியொரு சுற்றுலாவும் நடக்கவில்லை என்பது வேறு விடயம். சில நாள் கழித்து, பதுளையில் இருக்கும் தன் சித்தியின் மகளுக்கு ஒரு கடிதம் போடச் சொல்லி உறையையும் முத்திரையையும் நான் கையில் கொடுத்தபோது, முத்திரையை எந்த மூலையில் ஒட்டுவது, நடுவில் யாருடைய முகவரியை எழுதுவது என்று அவள் என்னைக் கேட்டாள். வாவிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு நீச்சலைக் கரும்பலகையில் வரைந்து படிப்பித்து, அதற்குப் புள்ளியும் போட்டு அனுப்பியிருக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதுபற்றியே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

எனக்குக் கடிதம் எழுதக் கற்றுத் தந்தது பாடசாலை அன்று. 1980களின் முற்பகுதியில் கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் ஏழெட்டுப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய தாய்மாரில் எழுத்து வாசனை அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் என்பதால், பாடசாலை விட்டு வந்து சோறு தின்ற கையோடு நான் அவர்களுடைய திண்ணைகளில் போய்க் குந்தியிருந்து எழுதுவது வழக்கமாயிற்று. ஏரோகிராம் என்று நாங்கள் சொன்ன நீலநிறத் தாள் ஒன்றில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். தாளே மடிந்து உறையாகிவிடும். முத்திரையும் அதிலேயே அச்சிட்டிருக்கும். உள்ளே வேறு ஒரு துண்டுகூட வைக்கக் கூடாது. ஆகவே "எல்லாம் வல்ல மாமாங்கப் பிள்ளையார் துணையால் இங்கு யாவரும் நற்சுகம், உமது சுகத்தையும் அறிய ஆவல்" என்று கொட்டை எழுத்தில் தொடங்கும் கடிதம், அயல் வீட்டுக் கல்யாணமும் முகத்துவாரம் வெட்டி வெள்ளம் வடிந்த கதையும் வந்து சேரும்போது எறும்புச்சாரையாகி, பசை பூசிய ஓரம் வரை ஏறி, கடைசி இரண்டு வரிகளைப் பக்கவாட்டில் திருப்பி எழுதும்படியாகும். அங்கே அதைத் திறப்பவர் கத்தியை ஒரு நூல் உள்ளே விட்டால் அந்த இரண்டு வரியும் போயிற்று.

அவர்களில் ஒரு மாமி என்னைத் தமிழ் எழுத வைத்த முதல் ஆசிரியை என்று சொல்லலாம். "நான் சொல்றத அப்பிடியே எழுது புள்ள, உன்ட பள்ளிக்கூடத் தமிழ அதுக்குள்ள போட்டுராத" என்பார். சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் யோசிப்பார். பிறகு, சொன்னதில் பாதியை வேண்டாம் என்பார். ஒருமுறை மார்கழி மழையில் காற்று அடித்து அவருடைய வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் பறந்துவிட்டது. அதை எழுதினால் மகள் அங்கே தனியே இருந்து கலங்குவாள் என்று, "வீட்டுக்கு ஓலை மாத்தினம் எண்டு எழுது" என்றார். எழுதினேன். மூன்று வாரத்தின் பின் பதில் வந்தது. அதை வாசித்துக் காட்டியதும் நானே. "மார்கழி மாசத்தில ஆரம்மா ஓலை மாத்துவாங்க? கூரைக்கு என்ன நடந்த எண்டு உள்ளத எழுதுங்க" என்று அவள் கேட்டிருந்தாள். சொல்லாமல் விட்டது எது என்பதைச் சொன்னதிலிருந்தே பிடிக்கும் அந்த வாசிப்பு, ஒரே கடிதத்தைப் பத்துத் தடவை விரித்து வாசித்தவருக்குத்தான் வரும். என் மகன் இப்போது டோஹாவில் இருக்கிறான். நாள்தோறும் வாட்ஸ்அப்பில் அவன் முகத்தைப் பார்த்துக் கதைக்கின்றேன். அந்த வசதியைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் அவன் போன வாரம் என்ன சொன்னான் என்று கேட்டால், சாப்பிட்டதாகச் சொன்னான் என்பதற்கு மேல் என்னால் எதையும் நினைவுபடுத்த முடிவதில்லை.

எழுதப் பழகியவர் எவரும் கடிதங்களுக்கு இலக்கம் போடுவார். தாளின் மூலையில் 14 என்று இருந்தால் அது பதினான்காவது கடிதம். பதினைந்தைக் காணாமல் பதினாறு வந்தால் இடையில் ஒன்று தவறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். போர்க்காலத்தில் ரயிலும் நின்று, தபாலும் எப்போது வரும் என்று தெரியாதிருந்த ஆண்டுகளில் இந்த இலக்கம் பெரிய ஆறுதலாக இருந்தது.

இனி எழுதும் கருவிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஊற்றுப்பேனை இன்றைய பிள்ளைகளுக்கு ஓர் அலங்காரப் பொருளாகத் தெரிகிறது. உண்மையில் அது கைக்கு இலகுவான கருவி. 1884இல் அமெரிக்காவில் வாட்டர்மன் என்பவர் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனையின் சூட்சுமம், மை கீழே இறங்க இறங்க அதே வழியில் காற்று மேலே ஏறுவதுதான். நிப்பின் நடுவிலுள்ள மயிரிழை போன்ற பிளவு வழியாக மை தானாகவே தாளுக்கு வருவதால் அழுத்தி எழுத வேண்டிய தேவையில்லை. நான்கு பக்கம் எழுதினாலும் விரல் நோகாது. குமிழ்முனைப் பேனையில் குண்டு உருண்டால்தான் மை வரும், அதற்கு அழுத்தம் வேண்டும். நான் வைத்திருந்தது சீனத்து ஹீரோ பேனை. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும். உள்ளே இருக்கும் தகட்டை அமுக்கி விட்டால் மையை உறிஞ்சிக்கொள்ளும். நாளடைவில் நிப்பு எழுதுபவரின் கைச் சாய்வுக்கு ஏற்றவாறு தேய்ந்துகொடுக்கும் என்பதால் அதை எவருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பில் எழுதாச் சட்டம். சட்டத்தை மீறியவர்களும் உண்டு. மை வரவில்லை என்று பேனையை உதறி, முன்வாங்கில் இருந்தவளின் வெள்ளைச் சீருடையில் நீலப் பூப் போட்டவர்களும் உண்டு. ஒற்றுத்தாள் கிடைக்காதபோது வெண்கட்டித் துண்டை உருட்டி மையை ஒற்றினோம். உறையை ஒட்டப் பசை இல்லையென்றால் குசினிக்குள் போய் இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்து நசித்துத் தேய்த்தால் போதும். எந்தக் கடைப் பசைக்கும் அது குறைந்ததன்று.

மையைப் பற்றி நான் அறிந்ததைக் கடல்தான் எனக்குச் சொல்லிற்று. 2004 டிசம்பர் 26க்குப் பின்னர், இத்தனை உயிர்களை இழந்த ஊரில் கடிதங்களைப் பற்றிப் பேசுவது கூச்சமாக இருந்ததால் இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. என் தாயாரின் வீட்டில் நாங்கள் கடிதங்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் தகரப் பெட்டி, மூடியபடியே, உப்புத் தண்ணீரும் மணலுமாக வேலி ஓரத்தில் கிடந்தது. வாவிக்கு அப்பால் நகரத்திலிருந்த உறவினர் வீட்டுக் கொடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயப்போட்டோம். 1960களில் என் தகப்பனார் கொழும்பிலிருந்து அம்மாவுக்கு எழுதியவை தாள் பழுப்பேறி, ஓரம் சிதைந்து, எழுத்து மட்டும் கறுப்பாக அப்படியே நின்றன. என் தம்பி குமிழ்முனைப் பேனையால் குவைத்திலிருந்து எழுதியவற்றையும் சிரமமில்லாமல் வாசிக்க முடிந்தது. கல்யாணத்துக்கு முன் என் கணவர் ஹற்றனிலிருந்து எழுதிய இருபத்திரண்டு கடிதங்கள் மட்டும் ஒரு சொல்லும் மிஞ்சாமல் வெளிறிய நீலத் திட்டுகளாய்க் கிடந்தன. "நல்லதாப் போச்சு" என்றார் அவர்.

காரணம் மையின் வகையில் இருக்கிறது. தகப்பனார் பயன்படுத்தியது பழைய நீலக்கறுப்பு மை. அன்னபேதி என்று நம் வைத்தியர்கள் சொல்லும் இரும்பு உப்பும், மாசிக்காய், கடுக்காய் போன்றவற்றில் உள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாகும் மை அது. எழுதும்போது வெளிறித் தெரியும் என்பதற்காகவே அதில் நீலச் சாயமும் கலப்பார்கள். தாளில் பட்டுக் காற்றோடு சேர்ந்ததும் மெல்ல மெல்லக் கறுத்து, நீரில் கரையாத பொருளாகித் தாளின் நாரோடு பிணைந்துவிடும். நீலம் கழுவுப்பட்டாலும் கறுப்பு நிற்கும். குமிழ்முனைப் பேனையில் உள்ளது எண்ணெய்த் தன்மையான பசை. அது தண்ணீருக்கு அசையாது. கணவர் எழுதியதோ உடுப்பில் பட்டாலும் கழுவினால் போய்விடும் என்று போத்தலிலேயே எழுதி விற்ற நீல மை. சொன்ன வாக்கை அது காப்பாற்றியது. வைத்திருக்க வேண்டிய கடிதம் எழுதுவோர் இதைக் கவனத்திற் கொள்வது நல்லது.

தகப்பனாரின் கடிதங்களைப் பேத்தியிடம் கொடுத்தபோது வேறொரு தடையும் வந்தது. அவர் எழுதிய லை, னை, ணை ஆகியவற்றில் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்து நிற்கும் பழைய குறியையும், றா, னா, ணா ஆகியவற்றின் கீழ்ச் சுழியையும் அவளால் இனங்காண முடியவில்லை. 1978இல் தமிழ்நாட்டில் செய்யப்பட்ட எழுத்துச் சீர்திருத்தம் பின்னர் இங்கும் அச்சில் பரவியதால் அவள் இவ்வடிவங்களைக் கண்டதேயில்லை. ஒரு பின்னேரம் இருந்து ஆறேழு எழுத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாள் பூட்டன் எழுதியதைத் தானாகவே வாசித்தாள். அச்சுப் பலகையில் எல்லோருடைய "ழ"வும் ஒன்றுதான். என் தகப்பனாரின் "ழ" கால் நீட்டிக்கொண்டு அடுத்த வரிக்குள் இறங்கும். அம்மாவினுடையது முழங்காலை மடித்துக் குந்தியிருக்கும்.

மையையும் தாளையும் வாங்கப் போனால் இன்று இலகுவில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் மைப்போத்தல் கேட்டேன். அங்கிருந்த தம்பி பணிவோடு பிரின்டருக்கு ஊற்றும் மையை எடுத்து நீட்டினார். (அதை ஊற்றுப்பேனையில் விட்டுவிடாதீர்கள்.) இன்னொரு கடையில் பழைய இருப்பில் ஒரு போத்தல் தூசி படிந்து கிடந்தது. போட்டோக்கொப்பித் தாளில் ஊற்றுப்பேனை மை ஊறிப் பரவும். கோடு போட்ட கொப்பியின் நடுவிலிருந்து கழற்றிய இரட்டைத் தாள் பெரும்பாலும் அதைவிட மேல். உள்நாட்டுச் சாதாரண கடிதத்துக்கான ஆகக் குறைந்த முத்திரைக் கட்டணம் 2022 ஆகஸ்டில் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்ததும் பலருக்குக் கை பின்வாங்க ஒரு காரணம்தான். ஆனால் ஒரு பிள்ளை தவணைக்கு ஒரு கடிதம் போட்டால் ஆண்டுக்கு 150 ரூபாய்.

எனது வேண்டுகோளும் அவ்வளவே. தமிழ்ப் பாட ஆசிரியர்கள் உறவுமுறைக் கடிதத்தைப் படிப்பிக்கும் தவணையில், ஒவ்வொரு பிள்ளையும் உண்மையாகவே இருக்கும் ஒருவருக்கு, உண்மையாகவே நடந்த ஒன்றைக் கையால் எழுதி, உறையில் மட்டக்களப்புக்கு 30000, கல்முனைக்கு 32300 என்றவாறு அஞ்சல் குறியீட்டையும் இட்டு, தபாலகத்துக்குத் தானே போய் முத்திரை வாங்கி ஒட்டிப் பெட்டியில் போடும்படி செய்ய வேண்டும். கடிதத்தை ஆசிரியர் வாசித்துத் திருத்த வேண்டியதில்லை; பதில் வந்தால் அதன் உறையை மட்டும் காட்டச் சொன்னால் போதும். தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கின்றேன். உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் ஆண்டுதோறும் சிறுவர்களுக்கான சர்வதேசக் கடிதப் போட்டி ஒன்றை நடத்தி வருகிறது. 9 வயது முதல் 15 வயது வரையுள்ளவர்கள் தத்தம் நாட்டு அஞ்சல் சேவையின் ஊடாக அதில் பங்குபற்றுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதன் தலைப்பைத் தமிழில், முன்கூட்டியே, சிறுவர் பக்கத்தில் வெளியிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள பிள்ளைகள் எழுதிப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

பேத்தி பதுளைக்குப் போட்ட கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அந்த ஒன்பது நாளும் தபால்காரரின் மணிச் சத்தத்துக்குப் படலையடிக்கு ஓடியவள் அவள்தான். பதுளைக்காரி முத்திரையை இடது பக்கக் கீழ் மூலையில் ஒட்டியிருந்தாள். தபாலகத்தார் அதைத் தேடிப்பிடித்து அங்கேயே திகதிச் சீலைக் குத்தி அனுப்பிவைத்திருந்தார்கள்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.