தரங்கம்பாடிக்கு வெள்ளிக்கிழமை கூட்டிப்போன சைக்கிள் பயணம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
(நிர்வாக இயக்குநரின் பார்வைக்கும்)

பொருள்: சோழமண்டலக் கரைச் சைக்கிள் பயணம், பொங்கல் கழிந்த வாரத்துக் குழு. மூன்று பேருக்குக் கட்டிய முழுத்தொகையையும் திருப்பித் தருவது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடிதம் வரை போக வேண்டாம், பேசியே தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன். முன்பதிவுப் பிரிவைக் கூப்பிட்டால் பயணப் பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள். பயணப் பிரிவு கணக்குப் பிரிவைக் கைகாட்டுகிறது. கணக்குப் பிரிவில் பாட்டுதான் ஓடுகிறது, ஆள் வருவதில்லை. ரசீதுகளை நேரில் கொண்டுவாருங்கள் என்று உங்கள் ஆள் சொன்னதை நம்பி, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுச் சேலத்திலிருந்து சென்னைக்கு வந்தேன். வரவேற்பில் இருந்த பெண் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், எல்லாம் மின்னஞ்சலில்தான் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பினார். ஊர் போய்ச் சேருவதற்குள் கைப்பேசியில் ஒரு செய்தி: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ யார் தீர்த்தார்கள், என்ன தீர்த்தார்கள்? அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

நடந்தது உங்களுக்கே தெரியும். வடக்கிலிருந்து தெற்கே போவதாக அச்சடித்த திட்டத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்தில் தொடங்கி, சதுரங்கப்பட்டினம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று இறங்கி, தரங்கம்பாடி பார்த்துவிட்டுக் காரைக்காலில் முடிப்பதாக அதில் இருந்தது. அந்தக் கணக்குப்படி தரங்கம்பாடிக்குப் புதன்கிழமை போய்ச் சேர்ந்திருப்போம். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினீர்கள்: ‘பயணம் காரைக்காலில் தொடங்கும், மற்றபடி மாற்றம் எதுவும் இல்லை.’ சென்னைக்குப் போட்ட ரயில் டிக்கெட் வீண். மயிலாடுதுறையிலிருந்து திரும்பப் போட்டதும் வீண். ராத்திரியோடு ராத்திரியாக வாடகைக் கார் பிடித்துக் காரைக்காலுக்கு ஓடினோம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். முந்தின குழு விட்டுப்போன சைக்கிள்கள் காரைக்காலில் நின்றனவாம். அதை மேலே ஏற்றிவர லாரி வாடகை யார் கொடுப்பது என்று எங்களைக் கீழே வரவழைத்திருக்கிறீர்கள்.

சரி, திசைதானே மாறியது, அதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். தை மாதத்தில் இந்தக் கரையில் அடிப்பது வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும் காற்று. வடக்கேயிருந்து தெற்கே மிதித்தால் முதுகைத் தள்ளிக் கொடுக்கும். தெற்கேயிருந்து வடக்கே போனால் நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். இது கடற்கரையில் வலை காயப்போடுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார். சைக்கிள் பயணம் விற்கும் நிறுவனத்துக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதானே முதலில் திட்டத்தை மேலிருந்து கீழாகப் போட்டீர்கள்? மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய சாலையில் ஒதுங்க ஒரு மரம் இல்லாமல் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு போனோம். உதடெல்லாம் வெடித்து உப்புக் கரித்தது. என் கணவர் துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சமதரையில் ஏற்றம் ஏறுகிற கியரைப் போட்டு மிதித்தார். அப்படியும் வண்டி நகரவில்லை. வார இறுதிகளில் ஏற்காட்டு மலைப்பாதை ஏறுகிற மனிதர் அவர். அதனால் பயிற்சி இல்லாதவர்கள் வந்து குறை சொல்கிறார்கள் என்று உங்கள் பதிலில் மறுபடி எழுத வேண்டாம்.

இப்போது தரங்கம்பாடிக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

திசையை மாற்றினீர்களே, கிழமையைப் பார்த்தீர்களா? காரைக்காலில் தொடங்கியதால் முதல் நாள் காலையிலேயே தரங்கம்பாடி போய்விட்டோம். முதல் நாள் வெள்ளிக்கிழமை. டேன்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரில் தேநீர்க் கடை வைத்திருப்பவருக்குத் தெரிகிறது. “இன்னைக்கு வெள்ளிக்கிழமை ஆச்சேம்மா, திறக்க மாட்டாங்களே” என்றார். வருஷக் கணக்காக இந்தப் பயணத்தை விற்கும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நான் எப்படி நம்புவது?

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. 1845-ல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இதை நான் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை கூட உள்ளே போனதில்லை. என் அண்ணன் மகள் தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி ஆய்வு செய்கிறாள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் இந்த ஊரில்தான். புனேயிலிருந்து கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்தவள் பூட்டிய கதவுக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்த்தேன். அதற்கு எந்தக் கூப்பனும் ஈடாகாது. என்னிடம் படிக்கிற ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுபோனது. இதை மிகைப்படுத்தலாக நீங்கள் நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

வெளியே பார்த்தோம், இல்லை என்று சொல்லவில்லை. 1792-ல் கட்டிய நகர வாயில், ராஜ வீதி, சீகன்பால்குவை அடக்கம் செய்திருக்கும் 1718-ஆம் ஆண்டுத் தேவாலயம், கடல் தின்றதுபோக மிச்சமிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில், எல்லாம் பார்த்தோம். ஆனால் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. ‘வரலாறு அறிந்த வழிகாட்டி’ என்றுதான் உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். வந்த தம்பியை அந்த வாரம்தான் வேலைக்கு எடுத்திருக்கிறீர்கள். அவனே கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டு வந்தான். நல்ல பையன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தான், லாரி வந்தால் கையை நீட்டி ஓரம் கட்டினான். கோட்டை பூட்டியிருந்ததைப் பார்த்து என்னைவிட அவன்தான் பதறினான்.

அங்கே நின்றபடியே உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் பெயர் சொல்லவில்லை, கேட்டதற்கும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னதும், “கோட்டை எங்கயும் ஓடிப்போகாது மேடம், வெளியில நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குங்க” என்றார். மறுநாள் திறந்திருக்கும், ஒரு காலைப்பொழுது மட்டும் இங்கே தங்கிப் பார்த்துவிட்டு வருகிறோம், வேனை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். “உங்க ஒருத்தருக்காக குரூப்பை நிறுத்த முடியுமா? புரிஞ்சுதான் பேசுறீங்களா?” என்றார். பக்கத்தில் நின்ற என் கணவருக்கும் கேட்டது, குழுவில் வந்த மற்றவர்களுக்கும் கேட்டது. அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், ‘தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது’ என்று நீங்களே சொல்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியிடம் அப்படிப் பேசினால் பொறுத்துக்கொள்வீர்களா என்று எனக்குப் பதில் எழுதுங்கள்.

சைக்கிள்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உயரத்துக்கு ஏற்ற அளவில் வண்டி தருவோம் என்று எங்கள் உயரத்தையெல்லாம் படிவத்தில் கேட்டு வாங்கினீர்கள். வந்து நின்றது எல்லாம் ஒரே அளவு. எனக்குத் தந்ததில் பின்பக்கக் கியர் மூன்றாவதைத் தாண்டி விழவே இல்லை. சீர்காழி தாண்டிக் கொள்ளிடப் பாலத்தின் நடுவில், ஒரு பக்கம் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும்போது, அண்ணன் மகளின் சைக்கிள் பஞ்சர். கூடவே வர வேண்டிய வேன் அதற்குள் சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பியிடம் இருந்த மாற்று டியூப் 26 இஞ்ச் சக்கரத்துக்கானது, எங்கள் சக்கரமோ அதைவிடப் பெரிய 700 அளவு. பம்பின் வாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது, டியூபில் இருந்தது குச்சி மாதிரி மெல்லிய வால்வு. பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வல்லம்படுகைப் பக்கம் வந்தோம். அங்கே ஒரு பெரியவர் சின்னதாகச் சைக்கிள் கடை வைத்திருந்தார். டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டையைப் பிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டார். நம்மூர்ச் சாதாரணச் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பையே அந்தக் குச்சி வால்வில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு ஆளை அடிக்கச் சொன்னார். நின்றது. கேட்டது இருபது ரூபாய். ஆளுக்கு 38,500 ரூபாய் வாங்கிய உங்களால் பொருந்துகிற பம்ப் ஒன்றைக் கொடுத்தனுப்ப முடியவில்லை.

புதுச்சேரியில் ஒயிட் டவுனுக்குள் பழைய பிரெஞ்சு வீட்டில் தங்கல் என்று எழுதியிருந்தீர்கள். படமும் போட்டிருந்தீர்கள், மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக. போட்டது பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில். இரவு முழுக்க ஹாரன் சத்தம். கேட்டால், “பாண்டிச்சேரி முழுக்கவே பிரெஞ்சுதானே மேடம்” என்று ஒரு பதில். 1674-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஊர், கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியும் மேற்கே தமிழர் பகுதியுமாகப் பிரிந்து கிடக்கிற ஊர், அங்கே எந்தத் தெருவில் தங்குகிறோம் என்பதுதானே அந்தத் தங்கலுக்கான விலையே?

கடற்கரைகளையும் இழந்தோம். காற்றோடு மல்லுக்கட்டி ஒவ்வொரு நாளும் இருட்டிய பிறகுதான் தங்குமிடம் போய்ச் சேர்ந்தோம். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் மாலைக் குளியல் என்று திட்டத்தில் இருக்கிறது, நாங்கள் கடலைப் பார்க்கவே இல்லை. பரங்கிப்பேட்டைக்குள் திரும்பவே இல்லை, நேரமில்லை என்று நெடுஞ்சாலையிலேயே ஓட்டவிட்டார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும் பூட்டியாகிவிட்டது. மண்டையோடு செதுக்கிய அந்தக் கல்லறைகளைப் பற்றி நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கதவுக் கம்பி வழியாகக் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்ததில் புல்தான் தெரிந்தது.

இவ்வளவுக்கும் நீங்கள் தர முன்வந்தது அடுத்த பயணத்தில் 1,500 ரூபாய் கழிவு. அதை ஏற்க முடியாது. உங்களோடு அடுத்த பயணம் என்ற பேச்சே இல்லை.

நான் கேட்பவை இவை. மூன்று பேருக்கும் கட்டிய 1,15,500 ரூபாய் முழுவதும் திரும்ப வர வேண்டும். வீணான ரயில் டிக்கெட்டுகளுக்கும் காரைக்காலுக்குப் பிடித்த காருக்கும் ஆன செலவு தனி. ரசீதுகளை இணைத்திருக்கிறேன். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் ரூபாய். தரங்கம்பாடியில் என்னிடம் அப்படிப் பேசியவர் பெயரோடு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இது முக்கியம்.

சண்டை போட எனக்கு விருப்பம் இல்லை. பொறுப்பான ஒருவர் கூப்பிட்டுப் பேசினால் கேட்கத் தயாராகவே இருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தாக்கல் செய்யலாம், நான் கட்டிய தொகைக்கு அங்கே கட்டணமும் இல்லை. விசாரணைக்கு நீங்கள்தான் சேலம் வர வேண்டியிருக்கும். உங்கள் அச்சடித்த திட்டம், அந்த இரவு வந்த வாட்ஸ்அப் செய்தி, பூட்டிய கோட்டைக் கதவின் தேதியிட்ட படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. குழுவில் வந்த மற்ற இரண்டு குடும்பங்களும் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மூவருக்காக முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
சேலம்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, பயணத் திட்டம், ரயில் டிக்கெட்டுகள், கார் ரசீது, படங்கள்.

பி.கு.: இந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி அந்த வழிகாட்டித் தம்பியின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அவன்மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. வேண்டுமானால் அதையும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.