பருவத்தின் நடுவில் வரும் செய்திமடலுக்காக ஒரு திறந்த மடல்

கல்லூரி முதல்வர்களுக்கும், துறைத்தலைவர்களுக்கும், செய்திமடலைத் தயாரிக்கும் ஆசிரியர் மாணவர் குழுவினருக்கும் வணக்கம்.

பருவம் பாதி கடந்ததும் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் செய்திமடல் வந்துவிடுகிறது. முதலில் முதல்வரின் வாழ்த்துரை. அடுத்து பரிசு வாங்கியவர்கள், ஆய்விதழில் கட்டுரை வெளியிட்ட ஆசிரியர்கள், பல்கலைக்கழக அணிக்குத் தேர்வான விளையாட்டு வீரர்கள், முனைவர் பட்டம் முடித்தவர்கள். பிறகு ஓய்வு பெறுபவர் ஒருவரைப் பற்றி ஒரு பத்தி, நடந்து முடிந்த கருத்தரங்கின் குழுப்படம். வகுப்பெடுக்கும் எனக்கு இந்த மடல் பிடிக்கும். வேதியியல் கட்டடத்தில் இருப்பவருக்கு வரலாற்றுத் துறையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேறு வழி இல்லை. ஒரே வளாகத்தில் வருஷக்கணக்கில் இருந்துகொண்டு, எதிரே வருபவர் என்ன வேலை செய்கிறார் என்றே தெரியாமல் இருந்துவிட முடிகிறது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நீங்கள் மெனக்கெட்டு இதைக் கொண்டுவருகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

எழுத வந்த காரணம், அந்த மடல் வெளியாகும் நேரம். பருவத் தொடக்கத்தில் வரும் மடல் வரவேற்பு, முடிவில் வருவது விடை கொடுத்தல். நடுவில் வருவதைப் படிக்கிறவர்களின் நிலையே வேறு. முதல் இடைத்தேர்வுத் தாள்கள் அப்போதுதான் திருத்தி வந்திருக்கும். பள்ளியில் எப்போதும் முதல் வரிசையில் இருந்த பிள்ளைகள், வாழ்க்கையில் முதல்முறையாக நூற்றுக்கு நாற்பதைப் பார்த்திருப்பார்கள். தாளைக் கையில் கொடுத்தவுடன் சிலர் மதிப்பெண் தெரியாதபடி நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொள்வதை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். எங்கே தப்பு நடந்தது என்று கேட்கக்கூட வருவதில்லை. அப்படி மடித்து வைத்தவர்தான் வகுப்பு முடிந்து போகிற வழியில் அறிவிப்புப் பலகை முன் நின்று உங்கள் மடலைப் படிக்கிறார். தங்கப் பதக்கம், முதலிடம், தேசிய அளவு, பெருமை சேர்த்தார், மகுடம் சூட்டினார். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் படித்துவிட்டு அவர் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: இங்கே எல்லாரும் ஜெயிக்கிறார்கள், நான் மட்டும் தவறி வந்து சேர்ந்துவிட்டேன்.

சாதனைகளைக் குறைத்துப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சாதனை எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. யார் யார் சேர்ந்து செய்தார்கள், எங்கே சறுக்கியது, எப்படி மீண்டது என்று எழுதினால், அதே மடல் அந்த மாணவருக்கு வேறு சேதி சொல்லும்.

இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்கள் சிலருக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். நானும் முதல் வருஷம் தனியாகத்தான் உணர்ந்தேன், பேராசிரியரைப் பார்க்கவே பயந்தேன், போகப் போகச் சரியாகிவிட்டது என்கிற மாதிரியான சாதாரண விஷயங்கள்தான். படித்த மாணவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதி, அடுத்து வரப்போகிறவர்களுக்காக வீடியோவில் பேசினார்கள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. ஆனால் அடுத்த மூன்று வருஷங்களில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன. அவர்களுக்கும் வெள்ளை இன மாணவர்களுக்கும் இடையில் இருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது. தான் இந்த இடத்துக்கு உரியவன்தானா என்ற சந்தேகம் யாருக்கு அதிகமோ, அவர்களுக்கே பலனும் அதிகம்.

சரி, நல்ல வார்த்தை நாலு எழுதினால் போதுமா என்றால், போதாது. 2023-இல் அதே இதழில் வந்த பெரிய ஆய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது. 22 கல்லூரிகள், 26,911 மாணவர்கள். இணையம் வழியாக அதே மாதிரியான, அரை மணிக்கும் குறைவான பயிற்சி. முதலாண்டைத் தொடர்ந்து படித்து முடிப்பவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் எல்லாக் கல்லூரியிலும் கூடவில்லை. அந்த மாணவர்கள் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்த கல்லூரிகளில்தான் கூடியது. செய்திமடலில் எழுதுவது ஒன்றும், ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டினால் கிடைக்கும் அனுபவம் இன்னொன்றுமாக இருந்தால், பிள்ளைகள் கதவைத்தான் நம்புவார்கள். அதனால்தான் இந்த மடலைச் செய்திக் குழுவுக்கு மட்டும் எழுதாமல் முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஜோசலின் பெல் பர்னலின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நியூட்ரான் விண்மீன்கள் எனப்படும் மிக அடர்த்தியான சின்ன விண்மீன்கள் அனுப்பும் வானொலித் துடிப்பை 1967-இல் கேம்பிரிட்ஜில் முதலில் கவனித்தவர். அப்போது அவர் முனைவர் பட்ட மாணவி. வட அயர்லாந்திலிருந்து வந்தவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் கால் வைத்த நாளிலிருந்து ஒரே பயம். தன்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், கண்டுபிடித்துச் சீக்கிரம் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியதாக அவரே பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அனுப்பும்வரை முழு மூச்சாக உழைப்பது, பிறகு மனசாட்சி உறுத்தாது என்று முடிவெடுத்தாராம். நாலரை ஏக்கரில் கம்பங்கள் நட்டு, மைல்கணக்கில் கம்பி இழுத்து அந்த வானொலித் தொலைநோக்கியை எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். சம்மட்டி பிடித்திருக்கிறார். கருவி ஓடத் தொடங்கியதும் ஒரு நாளைக்குச் சுமார் 30 மீட்டர் வரைபடத்தாள் சுருள் சுருளாக வந்து விழும். அதைக் கண்ணாலேயே பார்த்துப் பிரிக்க வேண்டும். அந்த நீளத்தில் ஒரு விரற்கடை அளவுகூட இல்லாத ஒரு சின்னக் கிறுக்கலை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். ஏறக்குறைய 1.3 நொடிக்கு ஒருமுறை வரும் துடிப்பு அது.

1968 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. ஐந்து பேர் பெயர் கொண்ட அந்தக் கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவது. 1974-இல் இயற்பியல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. 2018-இல் பெல் பர்னலுக்குத் தனியாக 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தபோது, இயற்பியலில் போதிய இடம் கிடைக்காத பிரிவுகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கு அதை அப்படியே கொடுத்துவிட்டார்.

1968-இன் கல்லூரிச் செய்தியாக அந்தக் கண்டுபிடிப்பை நாம் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம்? ‘வானியல் குழுவினரின் அரிய கண்டுபிடிப்பு’ என்று ஒரு வரி, பேராசிரியரின் படம். கம்பம் நட்டதும், சுருள் சுருளாகத் தாள் பார்த்ததும், தன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே ஒரு மாணவி அதைச் செய்ததும் அந்த வரிக்குள் வந்திருக்காது. ஒரு முதலாண்டு மாணவிக்குத் தேவையானது அத்தனையும் அந்த விடுபட்ட பகுதியில்தான் இருக்கிறது.

நம் மடல்களில் தவறாமல் வரும் ஒரு வகைச் செய்தியை எடுத்துக்கொள்கிறேன். ‘இயற்பியல் துறை மாணவர்கள் மூவர் அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வென்று கல்லூரிக்குப் பெருமை சேர்த்துள்ளனர்.’ இப்படிப் பரிசு வாங்கிய ஒரு குழுவோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தண்ணீரின் கலங்கலை அளக்கும் சிறிய கருவி செய்திருந்தார்கள். ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளி உணரி, நடுவில் தண்ணீர்க் குப்பி. தண்ணீர் எவ்வளவு கலங்கலோ அவ்வளவு குறைவாக வெளிச்சம் மறுபக்கம் போய்ச் சேரும். ஆனால் அதே குப்பிக்குக் காலையில் ஓர் அளவு, சாயங்காலம் வேறொரு அளவு. நிரலை மாற்றிப் பார்த்தார்கள், உணரியை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. போட்டியிலிருந்து பெயரைத் திரும்பப் பெறும் அளவுக்குப் போய்விட்டார்கள். ஆய்வக உதவியாளர் ஒருநாள் ஜன்னலைக் காட்டி, இந்த வெயில் உங்கள் பெட்டிக்குள் போகிறதே என்றிருக்கிறார். மூடியின் இடுக்குகளில் கறுப்பு டேப் ஒட்டியதும் அளவுகள் நேராகிவிட்டன. நிரலை எழுதிய இரண்டாமாண்டு மாணவர் மேடையில் இல்லை. போட்டிக்கு மூன்று பெயர்கள்தான் அனுமதி.

இதை எழுத எட்டு வரி போதும். பெருமை சேர்த்த ஒரு வரியைவிட இந்த எட்டு வரிகளைத்தான் மாணவர்கள் கூடி நின்று படிப்பார்கள். அடுத்த பருவத்தில் ஒளி உணரி வைத்து ஏதாவது செய்யும் பையனுக்கு அது பாடமாகவும் இருக்கும். பரிசு வாங்கியவர்களுக்கும் இதுதான் பிடிக்கிறது. என்னிடம் பேசும்போது அந்த மூவரும் கோப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

பெயர் போடும் விஷயத்தில் ஆய்வுலகம் நம்மைவிட ஒரு படி முன்னால் போய்விட்டது. ஒரு கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று குறிக்க 14 பங்களிப்பு வகைகள் கொண்ட ‘கிரெடிட்’ என்ற முறையைப் பல ஆய்விதழ்கள் பின்பற்றுகின்றன. 2022-இல் அது அமெரிக்காவின் தர நிர்ணயமாகவே அறிவிக்கப்பட்டது. யோசனை யாருடையது, கருவி அமைத்தவர் யார், தரவு சேகரித்தவர் யார், நிரல் எழுதியவர் யார், முதல் வரைவு யாருடையது என்று தனித்தனியாகச் சொல்ல முடியும். நம் செய்திக்கு 14 வகை வேண்டாம். ‘இன்னார் செய்தார், இன்னார் உதவினார்’ என்று இரண்டு வாக்கியம் போதும். அதில் ஆய்வக உதவியாளர், நூலகர், விடுதிக் காப்பாளர், மைதானத்தைக் கவனிப்பவர் எல்லாரும் இடம்பெறட்டும். வருஷக்கணக்கில் நம்மோடு இருக்கும் இவர்களுடைய பெயர் அச்சில் வருவது பெரும்பாலும் ஓய்வு பெறும் மாதத்தில்தான். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கிடைக்காமல் போனதற்கும் ஒரு பகுதி வேண்டும் என்று கேட்கப் போகிறேன். தயவுசெய்து உடனே மறுத்துவிடாதீர்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த யோஹான்னஸ் ஹவுஸ்ஹோஃபர் 2016-இல் தன் தோல்விகளின் பட்டியலை வெளியிட்டார். இடம் தராத பட்டப்படிப்புகள், கிடைக்காத வேலைகள், திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகள் எல்லாம் வகை வாரியாக. ‘நேச்சர்’ இதழில் மெலனி ஸ்டெஃபன் என்ற விஞ்ஞானி 2010-இல் எழுதிய யோசனை அதற்குத் தூண்டுதல். உலகம் முழுவதும் ஆய்வு மாணவர்கள் அதைப் படித்தார்கள். நம்மிடமும் மூன்று இதழ்கள் திருப்பியனுப்பி நாலாவது ஏற்றுக்கொண்ட கட்டுரைகள் இருக்கின்றன. கால் இறுதியில் தோற்றாலும் அருமையாக ஆடிய அணி இருக்கிறது. முதலில் ஆசிரியர்கள் முன்வர வேண்டும். மாணவரின் தோல்வியை எழுத நமக்கு உரிமை இல்லை, அவராக விரும்பிச் சொன்னால் ஒழிய. துறைத்தலைவர் ஒருவர் தன் திருப்பியனுப்பப்பட்ட கட்டுரையைப் பற்றி ஒரு பத்தி எழுதினால், அந்த மடித்து வைத்த தாள் அவர் அறைக்குத் தைரியமாக வரும்.

அதோடு ஒட்டியே இன்னொன்று. இடைத்தேர்வு மதிப்பெண்களைத் தரவரிசையாக மடலில் போடும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதை இந்தப் பருவத்தோடு நிறுத்திவிடுங்கள். பாதிப் பாடம்கூட முடியாத நேரத்து மதிப்பெண், யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியருக்குக் காட்டத்தான். ஊருக்குக் காட்ட அதில் ஒன்றும் இல்லை. ஒருவரின் குடும்பச் சூழ்நிலை, உடல்நலம் பற்றிய செய்திகளைப் போடும் முன் அவரிடம் கேளுங்கள். ‘வறுமையிலும் சாதித்த மாணவி’ என்ற தலைப்பில் தன் படத்தைப் பார்க்க அந்தப் பிள்ளைக்குச் சம்மதமா என்று யாராவது கேட்டார்களா? கேட்டு, அவரைப் பற்றி எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, பிறகு போடுங்கள்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். துறைகளிலிருந்து வரும் குறிப்புகளைத் தொகுத்து, பெயர்களில் பிழை பார்த்து, வகுப்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று பேர்தான் இந்த வேலையைச் செய்கிறீர்கள். அதனால் எல்லாச் செய்தியையும் விரித்து எழுதக் கேட்கவில்லை. ஒவ்வோர் இதழிலும் ஒரே ஒரு செய்தியை எடுத்து, சம்பந்தப்பட்டவர்களை நேரில் பார்த்து, நடந்தது நடந்தபடி எழுதுங்கள். மற்றவை இப்போதுபோலவே ஒரு வரியில் இருக்கட்டும். பேட்டி எடுக்கும் வேலையைத் தமிழ், ஆங்கிலத் துறை மாணவர்களிடம் கொடுத்தால் ஆர்வத்தோடு செய்வார்கள். முதல்வர்கள் அதை அவர்களுடைய உள்மதிப்பீட்டுப் பணியாக ஏற்றுக்கொள்ள அனுமதி தந்தால் போதும். எந்தக் கல்லூரிச் செய்திக் குழு இதைத் தொடங்கினாலும், முதல் பேட்டிகளுக்கு அந்த மாணவர்களோடு சேர்ந்து கேள்விகள் தயாரிக்க நான் வருகிறேன். என் திருப்பியனுப்பப்பட்ட கட்டுரைகளின் பட்டியலையும் கொண்டுவருகிறேன், தோல்விப் பகுதிக்கு முதல் ஆளாக என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு கல்லூரி ஆசிரியர்