அண்டாவைத் திருப்பித் தருவதற்கு முன்

எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும், அப்புறம் எங்கள் தெருவில் இல்லாவிட்டாலும் போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் பிறந்தநாளுக்கு எங்கள் வாசலில் வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

அன்றைக்கே நன்றி சொல்லப் பார்த்தேன், ஒருவரும் விடவில்லை. "இதுக்குப் போயா" என்று அவ்வா (பாட்டி) என் கையைத் தட்டிவிட்டார், டெய்லர் அண்ணன் பேச்சையே மாற்றிவிட்டார். சரி, எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். யார் யார் என்ன செய்தீர்கள் என்பது எங்கள் சின்னவனுக்கும் பின்னால் தெரிய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு பலூன் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே அவன் கூடப் படிக்கும் பையனுக்கு ஒரு மினி ஹாலில் பிறந்தநாள் கொண்டாடினார்கள். வாசலில் ஆளுயரப் படம், பலூன் வளைவு, ஆளுக்கொரு பரிசுப் பை. வீட்டுக்கு வந்து, "எனக்கும் அப்படித்தானே?" என்று கேட்டான். நாங்களும் விசாரித்துப் பார்த்தோம். அவர்கள் சொன்ன தொகை எங்களுக்கு இரண்டு மாத வீட்டு வாடகை. என் வீட்டுக்காரர் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறார், மாங்காய் சீசனில் இரண்டு காசு கையில் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் காசுக்கு ஜூன் மாதத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது: நோட்டு, சீருடை, வண்டித் தவணை. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து, மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அதைப் பார்த்தது மாடி வீட்டு அக்கா மட்டும்தான். மறுநாள் காலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அக்கா, இதற்கு உங்களைத் திட்ட வேண்டும் என்று இருந்தேன், இப்போது முதல் நன்றியே உங்களுக்குத்தான்.

நிப்பட்டு அவ்வாவைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது. எங்கள் காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டுக்கா, அதாவது தட்டைக்கா, பஞ்சம், கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவ்வாவுக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும் அவருக்கு. அன்றைக்கு இரண்டும் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு கிலோ அரிசி மாவுக்குக் கால் கிலோ பொட்டுக்கடலை மாவு, கால் கிலோ வேர்க்கடலை, எள், கறிவேப்பிலை, உப்பு. மிளகாய்த்தூளை மட்டும் எப்போதும் போடுவதில் பாதி, "பிள்ளைங்க வாய்" என்று. வேர்க்கடலையை முழுதாகப் போடப் போனேன், கரண்டியாலேயே ஒரு தட்டு தட்டினார். ஒன்றிரண்டாகப் பொடித்துத்தான் போட வேண்டுமாம், முழுக் கடலை இருந்தால் மெல்லிசாகத் தட்ட வராது, அந்த இடத்தில் பிய்ந்து எண்ணெயில் உதிரும். அப்புறம் காய்ந்த எண்ணெய் ஒரு குழிக்கரண்டி எடுத்து மாவில் ஊற்றிக் கிளறினார். அந்தச் சத்தம் கேட்டதும் சின்னவன் உள்ளே ஓடிவந்தான். மாவை இறுக்கமாகப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, ஈரத்துணியில் வைத்து, மூன்று விரலால் தட்டுகிறார், தட்டும்போதே துணியை இன்னொரு கையால் திருப்பிக்கொண்டே வருகிறார். வட்டம் அச்சில் எடுத்தது போல வருகிறது. நான் தட்டியது எல்லாம் வரைபடத்தில் இருக்கும் தீவுகள் மாதிரி இருந்தது. பிள்ளைகள் பாதி தின்று பாதியைக் கீழே போடும் என்பதால் டம்ளர் வாய் அளவுக்குத்தான் தட்ட வேண்டும் என்றதும் அவர்தான். நூற்றைம்பதுக்கு மேல் போட்டோம். அவ்வா, உங்கள் இடுப்பு வலிக்கு நான் வாங்கிக் கொடுத்த தைலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள், அது இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

கேக் கதை பாதி அழுகை, பாதி சிரிப்பு. ராகி கேக்தான் என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னபோது, ராகி என்றால் களி, கூழ், அதிகம் போனால் அடை, பிறந்தநாளுக்கு யாராவது ராகி வைப்பார்களா என்று மனதுக்குள் நினைத்தேன், டீச்சர் மன்னிக்கவும். வெறும் ராகியில் செய்தால் உதிரும், கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை இதில் கிடையாது, அதனால் இரண்டு பங்கு ராகிக்கு ஒரு பங்கு கோதுமை மாவு சேர்க்கச் சொன்னார். வெல்லப்பாகு, தயிர், எண்ணெய், சமையல் சோடா. ஓவன் இல்லாத வீடு, அதனால் குக்கரின் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்கு உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு. மூடியில் ரப்பர் வளையமும் வெயிட்டும் இருக்கவே கூடாது என்பதை மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிடம் வெறும் குக்கரைச் சூடாக்கிவிட்டு, பாத்திரத்தை உள்ளே இறக்கி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ரோஸ் கலர் கேக் வேண்டும் என்று பிள்ளை கேட்டானே என்று, மாவில் கோதுமையைக் கூட்டி ராகியைக் குறைத்து, பீட்ரூட்டை அரைத்து ஊற்றிவிட்டேன். மாவு பார்க்க அருமையான ரோஸ். வெந்து வெளியே வந்தது செங்கல் கூட இல்லை, மண் கலர். ராத்திரி பத்து மணி. கோடி வீட்டில் கல்லூரியில் வேதியியல் படிக்கும் பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பீட்ரூட் சாயம் நீண்ட நேரம் சூட்டில் நிற்காது, சோடா சேர்ந்தால் இன்னும் கெடும், புளிப்பு இருந்தால்தான் கொஞ்சம் தாங்கும் என்று சொல்லிவிட்டு, "அக்கா, கேக்குக்குள்ள போடாதீங்க, மேல போடுங்க" என்றாள். தேங்காய்த் துருவலில் பீட்ரூட் சாறும் நாலு சொட்டு எலுமிச்சையும் பிசறி, காலையில் டீச்சர் சொன்ன அளவிலேயே செய்த ராகி கேக்கின் மேல் தூவினோம். பளிச்சென்று ரோஸ். பிள்ளைகள் முதலில் தின்று தீர்த்தது அந்தத் தேங்காயைத்தான். பாப்பா, நீ பரீட்சையில் என்ன மார்க் வாங்கினாலும் எங்கள் வீட்டில் உனக்கு நூறு. மண் கலர் கேக்கை வீட்டுக்காரரும் அவருடைய வண்டி ஸ்டாண்டு நண்பர்களும் டீயோடு முடித்துவிட்டார்கள், அவர்களுக்கும் நன்றி.

டெய்லர் அண்ணன் ஒரு மூட்டை வெட்டுத்துணியைக் கொண்டுவந்து கொட்டினார். ஜாக்கெட் துணி, பாவாடைத் துணி, ஜரிகை ஓரம். முக்கோணமாக வெட்டி, ஒரு நாடாவில் வரிசையாக வைத்துத் தைத்தால் வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் தோரணம். நடுநடுவே மாவிலை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து "இது என் ரவிக்கைத் துணி ஆச்சே" என்று கண்டுபிடித்ததுதான் பெரியவர்களுக்கு அன்றைக்கு விளையாட்டு.

கிரீடம் யாருடைய யோசனை என்று பலர் கேட்டீர்கள். கூத்துக்கார தாத்தாவுடையது. தெருக்கூத்தில் வேஷம் கட்டிய காலத்தில் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடத்தைத் தலையில் வைத்து விடிய விடிய ஆடியவர், இப்போது முட்டி வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தா எடுத்தாம்மா" என்றார். எந்த வீட்டில்தான் இல்லை? அரை மணி நேரத்தில் ஒரு சாக்குப் பை நிறைய வந்துவிட்டது. கெட்டி அட்டை, தங்க நிறப் பூ வேலை, அதுவே பாதி கிரீடம். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, நீளவாக்கில் வெட்டி, நெற்றிக்கு நேராக ஒரு கூம்பு, காதோரம் இரண்டு, பின்னால் நூல் போட்டு முடிச்சு, தலைக்குத் தலை அளவெடுத்துச் செய்து கொடுத்தார். ஒரு குட்டிப் பெண்ணின் நெற்றியில் "நிகழும் மங்களகரமான" என்று பெரிய எழுத்தில், இன்னொரு பையன் தலையில் "தங்கள் நல்வரவை விரும்பும்" வரி தலைகீழாக. கேக் வெட்டும் நேரத்தில் தாத்தா எழுந்து நின்று, கட்டியங்காரன் குரலில், "வந்தாரே, வந்தாரே, எங்கள் ராசா வந்தாரே" என்று கூப்பிட்டாரே, அதைக் கேட்டு என் பையன் வெட்கத்தில் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். மினி ஹாலைப் பற்றி அதற்கப்புறம் அவன் பேசவில்லை. கேட்கக் கூடாது என்று நானும் கேட்கவில்லை.

மண்டிக்காரர் இரண்டு கிரேட் மாம்பழம் கொடுத்தார். ஒன்று செந்தூரா, ஒன்று பெங்களூரா. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படியே கூடாது என்றாலும் எல்லோரும் அப்படி நடப்பதில்லை என்பது சீசனில் இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இவர் பிள்ளைகள் தின்பது என்று சொன்னதும் வைக்கோலில் வைத்துப் பழுத்ததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்குப் போகிற பெங்களூராவை நறுக்கித் தின்ன யோசிப்பார்கள், ஆனால் கொஞ்சம் காயாக இருக்கும்போது உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் அதற்கு ஈடு எதுவும் கிடையாது. பெரியவர்கள் பக்கம் அந்தத் தட்டுதான் முதலில் காலி.

மாங்கொட்டை பொம்மைக்கு வேண்டிய கொட்டைகளை ஒரு வாரம் முன்பிருந்தே சேர்த்துக் கொடுத்தது கறிக்கடைக்குப் பக்கத்து வீட்டு அண்ணி. நார் மாங்கொட்டையாகப் பார்த்து, கழுவி, மாடியில் நாலு நாள் காயவைத்து, பழைய சீப்பால் சீவினால் நார் தலைமுடி மாதிரி படிந்துவிடும். ஸ்கெட்ச் பேனாவால் கண், மூக்கு. சிலருக்குச் சடை பின்னினார்கள், ஒருவன் தன் பொம்மைக்கு மிலிட்டரி கட்டிங் வெட்டிவிட்டான். கிரீடமும் அந்தப் பொம்மையும்தான் நாங்கள் கொடுத்தனுப்பிய பரிசு. ஒரு அம்மா மட்டும், "பை எதுவும் தரலையா?" என்று கேட்டார். தரவில்லை. அதற்கு நான் வருத்தப்படவும் இல்லை.

நர்ஸ் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நுரை ஸ்பிரே இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருந்தேன், அந்த வாயு எரியக்கூடியது, மெழுகுவத்திக்குப் பக்கத்தில் அடித்தால் தீ பிடிக்கும் என்று சொல்லி எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். பலூன் வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கியதைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். தவழும் பிள்ளை ஒன்று அங்கே இருந்தது, ரப்பர் துண்டு தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும், அதற்காகத்தான். டீக்கடை அண்ணன் ஐம்பது எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார், 2019-லிருந்தே பிளாஸ்டிக் கப் கூடாது என்று இருந்தும் நான் கடை கடையாக அதைத் தேடியதைச் சொன்னபோது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே. வாழை இலை நறுக்கிக் கொடுத்தவர்களுக்கும், மோர் கரைத்தவர்களுக்கும், செருப்பை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்த அந்தப் பெயர் தெரியாத பையனுக்கும் நன்றி.

இப்போது அண்டா.

முப்பது பிள்ளைகள் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஞாயிறு காலையில் எண்ணிப் பார்த்தால் நாற்பதைத் தாண்டுகிறது, கூட வரும் பெரியவர்கள் வேறு. தக்காளி சாதம் மூன்று கிலோ அரிசிக்கு என்பது நாலரையாக ஆயிற்று. பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து வந்த தக்காளி இருக்கிறது, அரிசி இருக்கிறது, அதை ஆக்கப் பாத்திரம் இல்லை. எதிர் வீட்டு அக்காவிடம் பெரிய அண்டா இருப்பது எனக்குத் தெரியும். குழாய்த் தண்ணீர் விஷயத்தில் பத்து மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை என்பது தெருவுக்கே தெரியும். போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பத்து மணிக்கு அவர் பெண் வந்து, ஒன்றும் சொல்லாமல், விளக்கிக் கவிழ்த்த அண்டாவையும் நீளக் கரண்டியையும் எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே ஒரு கைப்பிடி பட்டை, கிராம்பு, காகிதத்தில் மடித்து.

அக்கா, சாதம் நன்றாகத்தான் இருந்தது, உங்கள் பெண் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் தக்காளி விடும் தண்ணீரைக் கணக்கில் வைத்து உலைத் தண்ணீரைக் குறைத்தவள், தீயைக் குறைக்க மறந்துவிட்டேன். அடி பிடித்துவிட்டது. மூன்று நாளாகப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறேன், ஒரு ரூபாய் அளவுக்குக் கருப்பு இன்னும் போகவில்லை. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்று மிச்சம் இருந்த பெங்களூராவை ஊறுகாய் போட்டு மாடியில் வைத்திருக்கிறேன், அதற்கு இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். அதற்கு முன்னால் அண்டா தேவைப்பட்டால் பெண்ணை அனுப்ப வேண்டாம், நீங்களே வந்து கேளுங்கள், டீ போட்டு வைக்கிறேன்.