எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு திகதி சொல்லுங்கள்

இலங்கையில் பெண்கள் உதைபந்தாட்டத்தை நடத்தும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை. ஒன்பது வருடமாக இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் பந்து பழக்கி வருகிறேன். கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என் கோபத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கக் கூடாது. கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் ஆட இருந்த ஆட்டம் எப்படி நின்றது, ஏன் நின்றது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அறிவித்தலை அனுப்பியதே உங்கள் தரப்புத்தான். ஆனால் அந்த அறிவித்தல் வந்து சேர்ந்தபோது மைதானத்து வாசலில் யார் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பதினாறு பிள்ளைகள் நின்றார்கள். சனி இரவு பஸ் ஏறி, நானூறு கிலோமீற்றர் வந்து, விடியற்காலை நாலரைக்குப் புறக்கோட்டையில் இறங்கியவர்கள். எங்கள் பிள்ளைகளின் அம்மாமார் இரண்டு பேர் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆட்டம் ஆறரைக்கு. ஆறு மணிக்கு கேற் பூட்டியிருந்தது. ஆறு இருபதுக்கு என் கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தது. ஆட்டம் ஒத்திவைப்பு, மைதானம் வேறு தேவைக்கு, புதிய திகதி பின்னர் அறிவிக்கப்படும். ஏழு மணிக்கு மென்பந்து கிரிக்கெட்டுக்கு வந்தவர்களுக்கு அதே கேற் திறந்தது.

வந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு அன்றைக்கு மாதவிடாய். இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து வந்தவள். மைதானத்துக் கழிப்பறையின் சாவி காவலாளியிடம் இல்லை, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. முதல் தேநீர்க் கடையில் பின்பக்கம் போக விடவில்லை. இரண்டாவது கடை பூட்டியிருந்தது. அந்தப் பிள்ளை இடுப்பில் ஜேர்சியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு முஸ்லிம் அம்மா கதவைத் திறந்தார். எதுவும் கேட்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் துவாயும் சவர்க்காரமும் கொடுத்து, இஞ்சித் தேநீர் வைத்துத் தந்தார். வெளியே வந்த பிள்ளை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மிஸ், அடுத்தமுறை எப்ப?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வழக்கமாக எங்கே உடை மாற்றுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தகப்பனின் ஆட்டோவுக்குள். இரண்டு பக்கமும் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் நிற்பார்கள். பதினொரு வயதில் வந்தவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. இப்போது அவளுக்குப் பதினாறு. போன மாதத்திலிருந்து வீட்டிலேயே உடை மாற்றி, மேலே நீளச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். அதற்கு மேல் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பெண்களின் கழக லீக்குக்கு ஒரு வருட அட்டவணையை முன்கூட்டியே அறிவியுங்கள். எந்த நாள், எந்த மைதானம், எத்தனை மணி என்று எழுதி வெளியிடுங்கள். வெளியிட்ட பிறகு அதைக் காப்பாற்றுங்கள்.

இது ஏன் அவசரம் என்று கேட்டால், 2025 மே 24ஐ நினைத்துப் பாருங்கள். சீனாவின் வுஹானில் ஆசியாவின் முதலாவது பெண்கள் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நடந்தது. வுஹான் ஜியாங்டாவும் மெல்பேர்ண் சிட்டியும் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் நிற்க, தண்ட உதையில் ஐந்துக்கு நான்கு என்று வுஹான் வென்றது. அதே நாளில்தான் லிஸ்பனில் ஆர்சனல் பெண்கள் பார்சிலோனாவை ஒரு கோலால் வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தார்கள். ஆர்சனல் வென்றதை என் வகுப்புப் பையன்கள்கூடப் பேசினார்கள். வுஹானைப் பற்றிப் பேசியது எங்கள் பிள்ளைகள் மட்டும்தான். அந்தத் தண்ட உதைகளை என் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு தலைகள் ஒரு சின்னத் திரைக்கு மேல் குவிந்திருந்தன. எங்கள் கோல்காப்பாளர் ஒவ்வொரு உதைக்கும் தானே பாய்வதுபோல் தோளை அசைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "இதுக்கு எங்கட நாட்டில இருந்து யார் போனது?" என்று கேட்டாள். ஒருவரும் போகவில்லை என்றேன்.

அந்தப் போட்டி திடீரென்று வந்ததும் இல்லை. 2019இலேயே தென் கொரியாவில் நான்கு கழகங்களை வைத்துச் சோதனையாகத் தொடங்கினார்கள். 2024 மேயில் ஜப்பானின் உராவாவும் கொரியாவின் இன்சோன் ஹுண்டாய் ஸ்டீலும் ஆடிய இறுதியாட்டம்கூட ஒத்திகைபோலத்தான். உராவா இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. அதற்குப் பிறகுதான் முழு லீக். ஆக, தயாராக எங்களுக்கு ஐந்து வருடம் இருந்தது. பூட்டானுக்கும் அதே ஐந்து வருடம்தான். அங்கேயிருந்து ராயல் திம்பு கல்லூரி அணி முதல் பருவத்தின் தகுதிச் சுற்றிலேயே ஆடிவிட்டது. இரண்டாவது பருவத்தில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கம்போடியாவுக்குப் போய்த் தகுதிச் சுற்றைத் தாண்டி, குழுநிலைக்கு வுஹான் வரை போனது. அங்கே ஈரானின் பாம் கத்தூனை மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. 2025 டிசம்பரில் காத்மாண்டுவில் தெற்காசியப் பெண்கள் கழகப் போட்டி முதன்முறையாக நடந்தபோது இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், பூட்டான், பாகிஸ்தான் என்று ஐந்து நாட்டுக் கழகங்கள் ஆடின. இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் நேபாளத்தின் ஏபிஎஃப் (ஆயுதப் பொலிஸ் படை) அணியை மூன்று கோலால் வென்றது. நாங்கள் அங்கேயும் இல்லை.

பெரியோரே, கண்டத்துப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து போவது அந்த நாட்டின் சம்பியன் கழகம். சம்பியன் வேண்டுமென்றால் லீக் வேண்டும். லீக் வேண்டுமென்றால் ஆட்டம் சொன்ன நாளில் நடக்க வேண்டும். வுஹானுக்குப் போகும் வழி கடந்த ஞாயிறு அந்தக் கேற்றில் அடைபட்டுக் கிடந்தது.

பணம் இல்லை என்று சொல்வீர்கள். உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஆசியக் கிண்ணத்தை வென்ற கழகத்துக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர். நாங்கள் அதைப் பற்றிக் கனவுகூடக் காணவில்லை. ஒரு அட்டவணையை எழுதி வெளியிட எவ்வளவு பணம் தேவை? கழிப்பறைச் சாவியை ஆறு மணிக்குக் கொண்டுவர எவ்வளவு தேவை? 2025 செப்டெம்பரில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கான தெற்காசியப் போட்டி நடந்தது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். புல் அழகாக வெட்டியிருந்தது, ஆட்டம் சொன்ன நேரத்தில் தொடங்கியது. செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் இப்போது இவ்வளவு கசக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஜனவரி 21 முதல் ஓகஸ்ட் வரை ஃபிஃபா எங்கள் நாட்டைத் தடைசெய்து வைத்திருந்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையிட்டார்கள் என்ற பிரச்சினைக்காக. அதில் ஒரு பெண் பிள்ளைக்காவது பங்கு இருந்ததா? அதற்கு முந்தின வருடம் இந்தியாவுக்கும் அப்படித்தான். கோகுலம் கேரளா பெண்கள் ஆசியப் போட்டிக்கென்று தாஷ்கண்ட் போய் இறங்கியபின்தான் தடை வந்தது தெரிந்து, ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பினார்கள். பெரியவர்கள் மேசையில் சண்டை பிடிக்கிறார்கள், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தாஷ்கண்ட் விமான நிலையத்துக்கும் கொழும்பில் பூட்டிய ஒரு கேற்றுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உள்ளூராட்சி, மாகாணம், அமைச்சு என்று எங்கே போனாலும் இதே கதைதான். பெண் பிள்ளைகளின் வலைப்பந்துக்கு இடம் கேட்டாலும், நீச்சலுக்கு நேரம் கேட்டாலும், மிச்சம் இருந்தால் தருகிறோம் என்பார்கள். மிச்சத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் பிறகு பதக்கம் கேட்பார்கள்.

சரி, குரல் உயர்ந்துவிட்டது. மன்னியுங்கள். நான் சண்டைக்கு வரவில்லை.

பிள்ளைகள் இல்லை என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணியை உங்களுக்குத் தெரியும். போருக்குப் பிறகு அந்த மண்ணிலிருந்து வந்து தேசிய மட்டத்தில் கிண்ணம் தூக்கிய பிள்ளைகள். பங்களாதேஷில் கல்சிந்தூர் என்ற கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் பந்து உதைத்த சிறுமிகள் தேசிய அணி வரை போனார்கள். அந்த நாடு 2022இலும் 2024இலும் தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தது. அவர்களுக்கு வருடா வருடம் நடக்கும் பாடசாலைப் போட்டி ஒன்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் பதினெட்டு வயதில் பாடசாலையை விட்டதும் என்ன ஆகிறார்கள்? படையணிகளில் சேர்ந்தவர்கள் தொடர்ந்து ஆடுகிறார்கள், மற்றவர்கள் சப்பாத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகிறார்கள். என்னிடம் பழகியவர்களில் நான்கு பேர் அப்படிப் போனதை எண்ணி வைத்திருக்கிறேன்.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். பெண்கள் கழக லீக்கின் அட்டவணையை அறிவியுங்கள். அறிவித்த நாளில் மைதானத்தையும், உடை மாற்றும் அறையையும், கழிப்பறையையும் திறந்து வையுங்கள். ஆட்டத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால், தூரத்துப் பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பயிற்றுநர் அக்கா நேற்றும் அழைத்தார். பிள்ளைகள் திரும்ப வரத் தயார் என்கிறார். பஸ்ஸுக்கு ஆசனம் பதிய ஒரு வாரமாவது வேண்டுமாம், பெற்றோரிடம் காசு சேர்க்க அதற்கும் கொஞ்சம் முன்னதாகத் தெரிய வேண்டுமாம். கடந்த ஞாயிறு நிற்பாட்டிய அந்த ஆட்டத்துக்கு இந்த மாதம் முடிவதற்குள் ஒரு திகதி தாருங்கள். என் கைத்தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பயிற்றுநர்